கறுப்பு டயல் வாங்குவதில்லை

மாதம் முன்னூறு ரூபாய்.
அதற்குமேல் ஒரு பைசா கிடையாது என்று
கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி
நானே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, மேலப்பாளையம் சந்தை.
துண்டுக்கடியில் விரல் பிடித்து
ஆட்டுக்கு விலை பேசுகிறவர்களைத் தாண்டினால்
உடைமர நிழலில் செய்யது மசூதின் சாக்கு:
மிக்ஸி மூடி, ரிமோட், ஒற்றைக் கொலுசு,
பிஸ்கட் டின் நிறைய வாட்ச்.
சவூதியிலிருந்து யார் யார் கையிலோ வந்தவை.
அவருக்குக் கம்பெனி கணக்கில்லை, நிறம்தான்.
"செவப்பு நூத்தம்பது. பச்சை நூறு.
இந்தக் கத்திரிப்பூ ஓடாது, அறுவது குடும்மா."
கறுப்பு டயல் இருபதுக்கே தருவார்.
நான் வாங்குவதில்லை.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில்
எக்ஸ்ரே ரூம் எனக்கு.
ஒன்பதிலிருந்து ஐந்துவரை
கறுப்பில் சாம்பல், சாம்பலில் வெள்ளை.
வாட்ச், செயின், அரைஞாண் கழட்டுங்க.
மூச்ச இழுத்துப் பிடிங்க.
விடுங்க.

ராத்திரி எட்டுக்குமேல் சமையல் மேடை.
கசிந்த செல்லின் பச்சைக் களிம்பை
எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் எடுப்பேன்.
ஒருநாள் ஸ்ட்ராப் கம்பி துள்ளி
ரவை டப்பாவுக்குள் போனது தெரியவில்லை.
அருள்ராஜ் அதை உப்புமாவில் கடித்தான்.
அன்றைக்கு அவன் பேசியதை
இங்கே எழுத முடியாது.

மாம்பழ மஞ்சள் ஒன்று உண்டு என்னிடம்.
கிழமைச் சக்கரம் பாதி இங்கிலீஷ், பாதி அரபி.
திருகினால் திங்கள்.
இன்னொரு திருகில்
வளைந்து படுத்த ஓர் எழுத்துக் கொடி,
அதுவும் திங்கள்தான்.
இப்படியே ஏழு நாளையும் கண்டுபிடித்தேன்.

செல் ஒன்று முப்பத்தைந்து.
பதினேழு வாட்சில் ஓடுவது மூன்று.
மற்றதுக்கெல்லாம் முறை,
கோடையில் குளத்து மடைக்கு முறை வைப்பதுபோல.
செல் சாகப்போவது சிலதில் முன்பே தெரியும்:
விநாடி முள் ஒவ்வொன்றாய் நடப்பதை விட்டு
நாலு நாலாய்த் தாவும்.
நிற்கும். தாவும்.
சம்பளத்துக்கு முந்தின வாரம்
நான் கடைத்தெருவில் போவது மாதிரி.

போன மாதம் மூலைக்கரைப்பட்டியிலிருந்து பலவேசம்.
காளை முட்டி இடது தோள்பட்டை.
அந்தக் கையில்
ஆரஞ்சு டயல்.
கல்யாணத்துக்கு முன்பிருந்தே தேடுகிற ஆரஞ்சு.
கழற்றித் தந்தார். நாலு பத்தில் நின்றிருந்தது.
"அது ஓடாது, எம்மா.
தழும்ப மறைக்கக் கெட்டிருக்கேன்."
தழும்பைப் பற்றி நான் கேட்கவில்லை.
விலையைக் கேட்க வாயெடுத்தேன்.
மூச்ச இழுத்துப் பிடிங்க என்றுதான் வந்தது.

படம் அச்சாகி வருவதற்குள்
பேனாக்கத்தியால் பின்மூடியை நெம்பி
பையிலிருந்த புதுச் செல்லைப் போட்டேன்.
முள் நடந்தது.
வாங்கிப் பார்த்தார், காதில் வைத்தார்,
ஒன்றும் சொல்லாமல் கட்டிக்கொண்டு போனார்.
அன்றிரவு கணக்கில்
செல் ஒன்று, முப்பத்தைந்து என்று எழுதி
எந்த வாட்சுக்கு என்ற இடத்தில்
ஒரு கோடு மட்டும் போட்டேன்.

அடுத்த புதன், மறுபடம் எடுக்க வந்தவர்
உட்காருமுன் கையை நீட்டினார்.
"இத அணைச்சிருங்க, எம்மா.
ராத்திரி தலமாட்டுல டிக்கு டிக்குங்கு.
ஆரோ வாசல்ல வந்து நிக்க மாதிரி இருக்கு.
ஒரு வாரமா உறக்கமே இல்ல."

செல்லை எடுத்தேன்.
முள்ளைப் பழையபடி
நாலு பத்துக்கே திருகி வைக்கச் சொன்னார்.
வைத்தேன்.
தோளை அசைத்தபோதுகூட
முகம் சுளிக்கவில்லை அப்புறம்.

அந்தச் செல் இப்போது மாம்பழ மஞ்சளுக்குள்.
போட்ட அன்று
எனக்கும் உறக்கமில்லை.
பன்னிரண்டு தாண்டிக்
கிழமைச் சக்கரம் பாதி புரண்டு
இரண்டு நாளுக்கு நடுவே
கொஞ்ச நேரம் சிக்கி நின்றது.
பிறகு வியாழன்,
அரபியில்.