மணிக்கு முன்னால்

எங்கள் காம்பியாவில் ஓட்டு என்பது ஒரு கோலிக்குண்டு.
மறைப்புக்குப் பின்னால் மூன்று தகரப் பீப்பாய்கள்,
நீலம், பழுப்பு, ஊதா.
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குழாய், வயிற்றில் ஒரு மணி,
அடியில் மணல்,
விழுந்த குண்டு துள்ளி இரண்டாம் முறை பேசிவிடாதிருக்க.
இன்று இந்தப் பள்ளிக்கூடத் தெருவில்
சைக்கிள் மணி அடிக்கக் கூடாது.
ரொட்டிக்காரப் பையன் தன் மணியின் வாயைத்
துணியால் கட்டிக்கொண்டு போகிறான்.

என் வேலைக்குக் காது போதும்.
ஆளுக்கு ஒரு மணி.
இரண்டு கேட்டால் நான் எழ வேண்டும்,
ஒன்றும் கேட்காவிட்டாலும் எழ வேண்டும்.
மூன்று பீப்பாய்க்கும் ஒரே ஓசை.
ஆகவே யாருக்கு என்பது எனக்குத் தெரியாது,
எவ்வளவு நேரம் யோசித்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

மலாங் தர்போ உள்ளே போன கையோடு
ணங்.
கடலை மூட்டைக்கு விலை சொன்னவனுக்கா,
சொன்ன விலையைத் தராதவன் தொலையட்டும் என்றா?
மணி அதையெல்லாம் கேட்டுக்கொள்வதில்லை.
வெறுப்பில் விழுந்த குண்டுக்கும் அதே சுருதி.

லாலோவுக்கு முதல் ஓட்டு.
மறைப்புக்குள்ளிருந்து கத்துகிறான்:
"தப்பாப் போட்டா திரும்ப எடுக்கலாமா?"
வரிசை முழுக்கச் சிரித்தது,
சுவரோரம் நின்ற நியிமா சீசேயைத் தவிர.

பெர்னதெத் மென்டி சதுப்பிலிருந்து நேராக வந்தாள்.
முழங்கால் வரை சேறு,
உள்ளங்கையில் சிப்பி கிழித்த கோடுகள்.
நேற்றுப் படகுத்துறையில் என்னிடம் கேட்டிருந்தாள்:
"நீலக்காரன் பாலம் கட்டினான்,
பாலத்துக்காகக் கண்டலை வெட்டினான்.
என் சிப்பி சந்தைக்குப் போவது பாலத்தில்,
பிறப்பது கண்டல் வேரில்.
குண்டைப் பாதியாக உடைக்க விடுவீர்களா, ஜாட்டா?"
நாற்பது விநாடி. எண்ணினேன்.
ணங்.
வெளியே வந்து விரலின் மையை ஊதிக்கொண்டு நடந்தாள்,
கடன் அடைத்தவளா வாங்கியவளா
முகம் காட்டிக்கொடுக்கவில்லை.

நியிமாவின் முறை.
ஒரு நிமிடம். இரண்டு.
எழுந்துவிட்டேன்.
என் நிழல் துணியில் விழுந்ததைப் பார்த்திருப்பாள்.
"பொறு," என்றாள் உள்ளேயிருந்து.
"கடல்வழியா இத்தாலிக்குப் போன பையன்களைப் பத்தி
மூணு பேர்ல எவனாவது ஒரு வார்த்தை
எப்பவாவது பேசினானான்னு
யோசிச்சுப் பாக்கறேன்."
விதிப்புத்தகத்தில் இதற்குப் பக்கம் இல்லை.
உட்கார்ந்தேன்.
வரிசையும் இருமாமல் நின்றது.
கடைசியில் கேட்டது,
மற்ற எல்லா மணியையும் போலவே.

வெயில் சாய்ந்து வரிசை தீர்ந்ததும் நான்.
என் நாற்காலியில், என் காதாக, ரோஹே ஸாம்பா.
யோசிக்க ஏதுமில்லை எனக்கு.
எவன் வேண்டாம் என்பது ஒரு மாதமாகத் தெரியும்,
வீட்டில், டாக்ஸியில், தேநீர் மூன்றாம் முறை கொதிக்கும்வரை
தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன்.
எவன் வேண்டும் என்று
யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

குண்டு கையில் ஏறி உடம்புச் சூட்டுக்கு வந்திருந்தது.
குனிந்தேன்.
குழாயின் விளிம்பில் காய்ந்த சேறு,
ஒரு விரலின் அகலம்.
பார்க்கக் கூடாததைப் பார்த்தவன் போல
முகத்தைத் திருப்பினேன்,
அடுத்த குழாய்ப் பக்கம்.
அதிலும் சேறு.
மூன்றாவதிலும்.

வெளியே என் நாற்காலி கிறீச்சிட்டது.
ரோஹே எண்ணிக்கொண்டிருக்கிறாள்.