மூன்று நொடி

காலையில் சாவி திருப்பினால்
மூன்று நொடி,
தகரப் பேணிக்குள் ஆணி குலுக்கும் சத்தம்.
பிறகு ஒன்றும் நடக்காததுபோல் டீசல் மூச்சு.

அநுராதபுரச் சந்தியில் றிஸ்மியின் கராஜ்.
பழைய டென்ஷனரைப் பெருவிரலால் அமுக்கிக் காட்டினான்:
உள்ளே போனது, திரும்பி வரவில்லை.
"செயின் பல்லுத் தாண்டியிருந்தா
கன்னியாவிலயே நிண்டிருப்பீங்க, டீச்சர்."

புதியதை அமுக்கி வைக்கும் ஊசி
பெட்டிக்குள் இல்லை.
என் சேலைப் பின்னைக் கழற்றிக் கொடுத்தேன்.
முந்தானையைப் பிடித்தபடி நின்றேன்,
கடைசி போல்ட்டை இறுக்கி
அவன் பின்னை உருவும்வரை.
டிக்.
செயின் நிமிர்ந்தது.
கிராங்கைக் கையால் இரண்டு சுற்று. பிறகுதான் சாவி.

மறுநாள் இடைவேளையில் போன்.
எதிர்வீட்டு யோகநாதன், துறைமுகத்தில் வேலை,
மூச்சு வாங்க:
"டீச்சர், இண்டைக்கு நீங்கள்
காரே எடுக்கேல்லையோ?"