கடிகாரப்படி

முதல் நாளே சொல்லிவிட்டார்கள்:
அவன் முனகினால் நான் சன்னலைப் பார்க்க வேண்டும்.
அவன் நடந்தால் அவனைப் பார்க்க வேண்டும்.
உன் பங்கு இவ்வளவுதான் என்றாள் நர்ஸ் ப்ருயிட்,
தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டே.

பதினான்கு வருஷம்.
ஹோக்வியத்துக்கு மேலே காட்டில்
ஒரு மரம் தப்பான பக்கம் சாய்ந்த நாளிலிருந்து
ஆர்விடின் முதுகும் நானும்தான் பேசிக்கொண்டிருந்தோம்.
புருவம் சுருங்கும், குப்பியைத் திறப்பேன்.
நாற்காலி கிறீச்சிடும், தண்ணீர் கொண்டுவருவேன்.
ரொம்ப வலிக்குதா?
எங்கள் வீட்டில் அதிகம் புழங்கிய வாக்கியம்.
அதற்கு முன்னால் என்ன பேசினோமோ,
எனக்கு நினைவில்லை.

அபெர்டீனில் ஒரு டாக்டர்,
அவருக்குத் தெரியாமல் ஒலிம்பியாவில் ஒருவர்,
இருவரும் கைவிட்டபின் எல்மாவில் பல் டாக்டர்.
பன்னிரண்டு மாத்திரைக்காக
நல்ல கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கக் கொடுத்தான்.
காரை ஓட்டியது நான்.
திரும்பும் வழியில்
மடியில் ரத்தக் கைக்குட்டையோடு
சீட்டை மட்டும் நனையாமல் பிடித்திருந்தான்.

டகோமாவில், நான்காம் மாடி வார்டில்,
மருந்து மணிக்கு வரும். வலிக்கு வராது.
ஆறுக்கு, பன்னிரண்டுக்கு, மறுபடி ஆறுக்கு, பன்னிரண்டுக்கு.
நன்றாக இருந்தாலும் குடிக்க வேண்டும்,
உயிர் போனாலும் காத்திருக்க வேண்டும்.
காகிதக் கிண்ணத்தில் செர்ரி வாசனையோடு சிவப்புச் சாறு.
உள்ளே எவ்வளவு மருந்து என்று அவனுக்குத் தெரியாது.
குறைப்போம் என்றார்கள், என்றைக்கு என்று சொல்லவில்லை.
அதற்கும் ஒரு கையெழுத்து.

தாழ்வாரத்தில் நடை.
வலி நிறுத்தச் சொல்லும் இடத்தில் இல்லை,
எண் முடியும் இடத்தில்தான் நிற்கலாம்.
நேற்று ஆறு சுற்று, இன்று ஏழு.
எட்டு முடியும் போலிருந்தாலும் ஏழு.
ஓய்வை வலிக்குக் கூலியாகக் கொடுக்காதீர்கள்,
எண்ணுக்குக் கொடுங்கள் என்றார் டாக்டர்.
கட்டம் போட்ட தாளில் ஆர்விடே புள்ளி வைத்தான்,
வெட்டிய மரத்தில் வளையம் எண்ணுகிறவன் முகத்தோடு.

மூன்றாம் வாரம்
கட்டிலில் உட்காரும்போது என் பெயரைச் சொல்லி முனகினான்.
லோர்னா.
நான் சன்னலைப் பார்த்தேன்.
கீழே ஒருவன் கார்க் கண்ணாடியில்
உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.
முழுவதும் சுரண்டி முடிக்கும்வரை பார்த்தேன்.
பச்சைக் கார். வலது விளக்கு உடைந்தது.

வலி பொய் என்று யாரும் சொல்லவில்லை.
அது நிஜமாகவே வந்தது,
வந்ததற்குத் தீனி போட்டு வீட்டிலேயே வைத்துக்கொண்டோம்.
என் நாளும் அதை வைத்துத்தான் விடிந்தது,
அதை நான் அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

ஆறாம் வாரம் ப்ருயிட் என்னைத் தனியே அழைத்தாள்:
போன வியாழனிலிருந்து அது வெறும் சாறு.
வெள்ளிக்கிழமை அவனிடம் சொல்வோம்.
மூன்று நாள்,
அவன் குடித்துவிட்டு நிம்மதியாய் உதடு துடைப்பதை
நான் உட்கார்ந்து பார்த்தேன்.

சொன்னபோது அவன் கத்தவில்லை.
காலிக் கிண்ணத்தை வாங்கி முகர்ந்தான்.
வலிக்குதே, என்றான்.
வலிக்கும், என்றாள் அவள்.
நேற்று இருபத்திரண்டு சுற்று நடந்தாய்.

இப்போது வீட்டில் நான் தட்டு கழுவுகிறேன்.
பின்னால் அவன் மெல்ல, பற்களுக்கு நடுவே, மூச்சிழுக்கிறான்.
இருட்டிய சன்னல் கண்ணாடியில் அவன் தெரிகிறான்,
சன்னலைப் பார்ப்பதாகத்தான் கணக்கு.
மழை விட்டிருக்கு, என்கிறான்.
உடனே திரும்புகிறேன்,
சொல்லிக்கொடுத்ததைவிடக் கொஞ்சம் அவசரமாக.
கை நிறைய நுரை.
ஏன் திரும்பினேன் என்று அவனுக்கும் தெரியும்.
என்றாலும் மழையைப் பற்றிப் பேசுகிறோம்,
பாலத்தடியில் வெள்ளம் ஏறியதைப் பற்றி,
பக்கத்துவீட்டு நாயைப் பற்றி.

இரவு இரண்டு மணிக்கு அவன் புரளும்போது
நான் தூங்குவதுபோல் கிடக்கிறேன்.
நான் விழித்திருப்பது தெரியாததுபோல்
அவன் கிடக்கிறான்.
காலையில் தபால்பெட்டிவரை போய்வந்து
சுவர்த் தாளில் ஒரு புள்ளி வைக்கிறான்.
பென்சில் கூர் மழுங்கியிருக்கிறது.
சீவித் தருகிறேன்.