கொம்பனித் தெரு நிலையம்

பெயர்ப்பலகையில் தமிழும் சிங்களமும்
கொம்பனி என்று சொல்லி நகர்ந்துவிடும்.
ஆங்கிலம் மட்டும்
அடிமைத் தீவு என்று காட்டிக்கொடுத்தபடி இருந்தது.
இப்போது அதற்கும் பெயின்ட் அடித்தாயிற்று.

ஒல்லாந்தன் இரவில் ஆட்களை இங்கே அடைப்பானாம்.
சுற்றி ஏரி, ஏரியில் முதலை.
பூட்டுச் செலவு மிச்சம்.

எண்பத்து மூன்று ஜூலையில்
இதே மேடையில், வாளி ஒன்றைக் காட்டி
இது என்ன என்று கேட்டார்கள்
என் மாமன் பேரின்பநாயகத்திடம்.
பல்திய என்றார், சிங்களத்தில்தான்.
முதல் எழுத்து பிசகிவிட்டது.
எழுதிக் காட்டினாலும் பயனில்லை,
எங்கள் எழுத்தில் இரண்டு ஒலிக்கும் ஒரே ப.
அவ்வளவுதான் அகலம்
அந்த ஏரிக்கு.

முப்பத்தோராம் மாடியில்
கண்ணாடி பொருத்துகிறேன்.
மறு விளிம்பு ருக்மலின் கையில்:
முன்னாள் சிப்பாய், இடது காது முல்லைத்தீவோடு போயிற்று.
கீழே துவான் ஜைனுதீன் வீடு இருந்த இடத்தில்
சிவப்பு எண் எழுதிய ஒரு சுவர்
இன்னும் இடிபடக் காத்திருக்கிறது.

சிமெந்து காய்கிறது.
பல்திய தா, என்கிறேன்.
அதே பிசகு, வாயோடு வந்தது.

ருக்மல்
வலது காதைத் திருப்பி
இன்னொரு முறை சொல் என்கிறான்.