உள் மாவட்டங்களில் வறண்ட வானிலை

மாசி கடைசிச் செவ்வாய், காலை ஐந்தே கால்.
புதுவயல் ஆலையில் கொதிகலன் இன்னும் உறுமவில்லை.
சுவிட்சுப் பெட்டியில் போனைச் சாய்த்து வைத்து
மூன்று ஊர்களின் வானத்தைப் பார்க்கிறேன்.

முதலில் தொண்டி.
காற்று நாற்பத்தைந்து, அலை இரண்டரை மீட்டர்,
மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.
தம்பி அருளப்பன் கரையில் இருப்பான் என்று நம்ப
அந்த ‘வேண்டாம்’ போதும்.
போனமுறை போதவில்லை.

பிறகு கோத்தகிரி.
இரவு ஒன்பது டிகிரி, மூடுபனி.
நாங்கள் அரைத்த அரிசி பத்து டன்
இந்நேரம் ஏதோ ஒரு வளைவில்
மூச்சுவாங்கி ஏறிக்கொண்டிருக்கும்.
ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர்.
ஸ்வெட்டர் எடுத்துக்கங்க என்றேன்.
‘எஞ்சின் சூடு இருக்குல்ல’ என்றார்.
அது வீட்டுக் கொடியில்
இரண்டு கையையும் தொங்கப்போட்டுக்கொண்டு கிடக்கிறது.

மூன்றாவது ஊரை
இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன்.
ஹபர் அல் பாத்தின்.
அக்கா மகன் சவரிமுத்து அங்கே தண்ணீர் லாரி ஓட்டுகிறான்.
படத்தில் மேகம் இல்லை, துளி இல்லை,
வளைந்த கோடு மூன்று மட்டும்.
மணல்காற்றாம்.
‘பாலைவனத்துல குளுரும் சித்தி,
ரெண்டு போர்வை பத்தாது’ என்றான் ஒருநாள்.
பக்கத்துவீட்டில் சொன்னேன். சிரித்தார்கள்.

புதுவயலுக்கென்று தனியாக எதுவும் வராது.
‘உள் மாவட்டங்கள்’ என்று ஒரு சாக்கில் போட்டு
வாயைக் கட்டிவிடுவார்கள்.
எங்களுக்கு அறிக்கை வாசிப்பது புகைபோக்கி.
புகை காரைக்குடிப் பக்கம் படுத்தால் கொண்டல்,
கடலின் ஈரம், நெல் காய இரண்டு நாள்.
கிழக்கே போனால் மேல்காற்று,
மதியத்துக்குள் பதம்.
இன்று அடுப்பு மூட்டியும்
புகை எந்தப் பக்கமும் பேசாமல்
தலையைச் சுற்றிக்கொண்டு நின்றது.

ஆறரைக்கு முதலாளி நாச்சியப்பன் வந்தார்.
‘அவியல் நாப்பது மூட்டை. களத்துல கொட்டலாமா?
செசிலி, போன் என்ன சொல்லுது?’

கண் மூன்றாவது ஊரிலேயே இருந்தது.
வாய் அதைத்தான் சொன்னது:
‘மணல் எழும்பும்ங்க. கண்ண மூடிக்கிறணும்.’

களமே சிரித்தது.
பொன்னழகு துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு
ஒட்டகம்போல் கழுத்தை நீட்டி நீட்டி நடந்தாள்.
கொட்டினோம். ஆவி பறக்கப் பரப்பினோம்.
காலால் கிண்டிக் கோடு போட்டோம்.

ஒன்பதுக்கு வந்தது.

முதலில் உமிக்குவியலின் உச்சி மட்டும் அசைந்தது,
யாரோ கூப்பிட்டுத் திரும்பியதுபோல.
பிறகு குவியலே எழுந்தது.
வாசல் போயிற்று, எடைமேடை போயிற்று,
முதலாளியின் வெள்ளை வேட்டி போயிற்று.
மஞ்சளாய், நறநறவென்று,
பல்லிடுக்கில் தவிட்டு வாசம் அடிக்கிற பாலைவனம்.
துண்டு சுற்றியிருந்த பொன்னழகுக்கு மட்டும் கண் தெரிந்தது.
‘தார்ப்பாய், தார்ப்பாய்’ என்று கத்தினாள்.
நான்கு பேர் நான்கு முனையைப் பிடித்தோம்.
அது வயிறு உப்பி எங்களை இழுத்தது.
என் கால் ஒரு சாண் தரையை விட்டது.
அந்த ஒரு சாணில்
அருளப்பன் படகு ஞாபகம் வந்தது.

பத்து நிமிடம். அவ்வளவுதான்.
மாசி வெயிலில், வியர்வைமேல், குளிர்ந்தது.
முதலாளி புருவத்திலிருந்து உமியைத் தட்டிக்கொண்டே
என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.
‘இனிமே ஒன்னயத்தான் கேக்கணும்.’
எந்த ஊர்க் காற்று என்று நான் சொல்லவில்லை.

பதினொன்றுக்கு வீட்டுக்காரர் கூப்பிட்டார்.
மலையில் பளிச்சென்று வெயிலாம்,
சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் மூட்டை இறக்கினாராம்.
சவரிமுத்து கட்டைவிரல் படம் அனுப்பியிருந்தான்.
தம்பி எண் தொடர்பு எல்லைக்கு வெளியே.
வலை உலர்த்துவான். சார்ஜ் இருக்காது.
மறுபடி போட்டேன்.

நாலு மணி. புகை இப்போது தீர்மானமாகக்
காரைக்குடிப் பக்கம் படுத்திருக்கிறது.
‘நாளைக்கு எப்படி?’ என்கிறார் முதலாளி.
போனைப் பார்த்துச் சத்தமாகவே வாசித்தேன்:
உள் மாவட்டங்களில் வறண்ட வானிலை நிலவும்.

களத்தில் குனிந்து ஒரு நெல்லைக் கடித்தேன்.
நடுவில் இன்னும் ஈரம்.