ருசி பார்க்கிறவள்

சாம்பல் புதனிலிருந்து பதினேழு நாள்
கிரீமைத் தொட்டு நாக்கில் வைத்துத்
தொட்டியில் துப்பினேன்.
காக்ஸ் டவுன் பேக்கரியில்
ருசி பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
லெந்து முடியும்வரை இனிப்பு இல்லை என்று
உம்மிடம் பொருத்தனை பண்ணியது
முதலாளி டிசூசாவுக்குத் தெரியாது.

எதிர் மேசையில் முபீனா ரோஜா பிழிவாள்.
அவளுக்கும் நோன்பு.
"எனக்கும் சேர்த்து நீயே பாரு, கிருபா"
என்று கிண்ணத்தை நகர்த்துவாள்.
இரண்டு பட்டினிக்கு நடுவே ஒரே நாக்கு.
அதுவும் துப்புகிற நாக்கு.

அப்பா பழக்கியது.
தங்கவயலில் பகலில் சுரங்கம்,
இரவில் தெருமுனைப் பிரசங்கம்.
குழம்பு வாய்க்கு ருசித்துவிட்டால்
சொம்புத் தண்ணீரை அதில் ஊற்றிப்
பிசைந்துதான் சாப்பிடுவார்.
குளிக்கும்போது நான் பாடினால் கதவைத் தட்டுவார்,
ஞானப்பாட்டாகவே இருந்தாலும்.
"வெந்நீர் சுகத்துல பாடுற நீ."
நல்ல மனிதர். குடித்ததில்லை, அடித்ததில்லை.
எங்கள் வீட்டில் யாரும் எதையும்
இன்னும் கொஞ்சம் என்று கேட்டதில்லை.

பதினெட்டாம் நாள், சனிக்கிழமை.
லிங்கராஜபுரத்து ஆர்டர்.
ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளைக்கு
மறுநாள் ஞானஸ்நானம்.
இரண்டு அடுக்கு, உச்சியில் வெள்ளைப் புறா.
காலையிலேயே ஒரு துளி
தவறித் தொண்டையில் இறங்கிவிட்டிருந்தது.
நன்றாக இருந்தது.
நன்றாக இருந்ததால் பயந்துவிட்டேன்.
அதன்பிறகு நாக்கில் வைக்கவே இல்லை,
கண்ணால் அளந்தேன்.
கண்
பொடி உப்பு டப்பாவை எடுத்தது.

திங்கள் காலை அந்தத் தாய் வந்தாள்.
சண்டை போடவில்லை.
மிச்சத்தைப் பெட்டியோடு வைத்து
"நீங்களே பாருங்கக்கா" என்றாள்.
எண்பது பேர், ஆளுக்கொரு வாய்,
மரியாதைக்கு விழுங்கித் தண்ணீர் தேடினார்களாம்.
பாஸ்டர் ஐயா மட்டும்
வித்தியாசம் தெரியாமல் தட்டைக் காலி பண்ணினாராம்.

தொட்டு வைத்துப் பார்த்தேன்.
அந்த உப்பு
என்னுடைய பரிசுத்தம்.
ஊருக்கே பரிமாறியிருக்கிறேன்.

இன்பத்தில் குற்றமில்லை என்று சொல்லவரவில்லை.
என் தம்பி இசரவேலை
பிராந்தி கொண்டுபோனது, முப்பத்தொரு வயதில்.
அவன் போன பிறகு வந்த கடன்காரர்களை
நான்தான் எண்ணினேன்.

ஆனால் அப்பாவின் கடைசி வாரம்.
எல்லாம் குழாய் வழியே போய்க்கொண்டிருந்தது.
உதட்டை நனைக்க நர்ஸ் கொடுத்த பஞ்சை
யாருக்கும் சொல்லாமல்
கரும்புச் சாற்றில் முக்கி வைத்தேன்.
கண் திறக்காமல் உறிஞ்சினார்.
விடவில்லை.
எழுபத்தெட்டு வயது ஈறு
என் விரலைக் கவ்வி இழுத்தது.
வார்டு முழுக்கக் கேட்டிருக்கும் அந்தச் சத்தம்,
பால்குடிப் பிள்ளையின் சத்தம்.
அதை எந்தப் பக்கத்தில் எழுதிக்கொண்டீர், ஆண்டவரே?
வரவிலா?

கண்ணுக்கு இமை வைத்தீர்.
ருசிக்கு ஒரு மூடி செய்ய
உமக்கு மண் போதாமலா போயிற்று?
அந்தக் கலியாண வீட்டிலும்
தண்ணீர் போதாதா என்று நீர் கேட்கவில்லை.
ஆறு கல்ஜாடி.
எல்லாரும் ஏற்கெனவே குடித்திருந்தார்கள் என்பதை
எங்கள் பிரசங்கங்களில் வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

கேக்கின் காசை டிசூசா சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.
வீட்டில் இன்னும் காப்பிக்குச் சர்க்கரை போடுவதில்லை,
ஈஸ்டர் வரை போடமாட்டேன்.

இன்று முபீனா கிண்ணத்தை நகர்த்தினாள்.
வெண்ணிலா.
தொட்டேன். விழுங்கினேன்.
"எப்படி இருக்கு?"
உடனே சொல்ல வரவில்லை.
காலையிலிருந்து தண்ணீர்கூடப் படாத உதட்டோடு
அவள் என் முகத்தையே
பார்த்துக்கொண்டிருந்தாள்,
சிரித்தபடி.