ஒன்பதாம் கட்டம்

காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் இரண்டு ரூபாய்,
கலர் பத்து,
இழப்பீட்டுப் படிவம் நிரப்ப அறுபது.
கடைசி வரியை நான்தான்
ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டினேன்,
மாங்காய் லாரிகள் கூழ் ஃபேக்டரி வாசலில்
வரிசை கட்டி நிற்கும் மாதத்தில்.

சேலம் ரோட்டு ஆஸ்பத்திரியின் கணினியை
யாரோ எங்கிருந்தோ திறந்து
பதினோராயிரம் பேரின் உடம்பை
வெளியே எடுத்துப் போட்டுவிட்டார்கள்.
தலைக்கு ஆயிரத்து எழுநூறு என்று முடிவாகியிருக்கிறது.
கூடுதல் வேண்டுமென்றால் ஆதாரம் இணைக்க வேண்டும்.

பெயர், கதவு எண், ஆதார், வங்கிக் கணக்கு,
பெற்ற சிகிச்சை.
களவு போனதையெல்லாம்
வரிசை மாறாமல் மறுபடி கேட்கிறது படிவம்.
ஓடிபி வந்தால்
போனையே என் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.
எட்டுக் கட்டம் தாண்டினால் ஒன்பது:
தங்களுக்கு ஏற்பட்ட இழப்பு,
நூறு எழுத்துகளுக்குள்.

சென்றாயன் ஒன்றும் சொல்லவில்லை.
லாரிச் சாவி இல்லாத சாவிக்கொத்தை
மேஜைமேல் வைத்தார்.
வலிப்பு மாத்திரைச் சீட்டு
ஓனரின் வாட்ஸ்அப்புக்குப் போயிருக்கிறது.
"அவர் செஞ்சதும் தப்பில்ல பாப்பா.
தொப்பூர் எறக்கத்துல நானே பயந்துதான் ஓட்டுனேன்.
ஆனா அத நான் சொல்லியிருக்கணும்.
என் வாயால."
'வேலை' என்று அடித்தேன்.
தொண்ணூற்றெட்டு எழுத்து மிச்சமிருந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார் ஒருவர்,
கண்ணாடியை மட்டும் பாதி ஏற்றி.
காகிதத்தை மடித்தபடியே நீட்டினார்.
உள்ளே ஒரு எண்ணிக்கை,
பக்கத்தில் 'குறைவு'.
ஒன்பதை மட்டும் தானே அடிப்பதாகச் சொல்லி
விசைப்பலகையைத் திருப்பிக்கொண்டார்.
ரொம்ப நேரம் கழித்து
மன உளைச்சலுக்கு எந்த 'லை' வரும் என்று கேட்டார்.
சொன்னேன்.

போச்சம்பள்ளியிலிருந்து வந்தது திம்மக்கா.
தினம் பதினோரு மணிக்கு
அந்தம்மாவுக்கு ஒரு போன் வருகிறது.
இன்சூரன்ஸ் பையன்.
கர்ப்பப்பை எடுத்த தேதி வரைக்கும்
அவனுக்குத் தெரிந்திருக்கிறது.
அதுதாம்மா இழப்பு,
அதையே எழுதிடலாம் என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தது.
"ஆபரேசன் ஆகி ஏழு மாசம் கண்ணு.
வலி எப்படி இருக்கு, குனிய முடியுதான்னு
கேட்ட ஒரே ஆளு அவந்தான்.
அதப் போயி இழப்புன்னு எழுதுறதா?"
கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.
மணி பத்து ஐம்பத்தைந்து.
போனை முந்தானையில் பொத்திக்கொண்டு
வெளியே போய்
ஓசூர் பஸ் நிற்கும் நிழலில் நின்றது அந்தம்மா.

தாள் சிக்கிப் பாதியில் நின்றவற்றின்
பின்பக்கத்தில் அச்சடிக்கச் சொல்வார் முதலாளி.
அப்படித்தான் போன வாரம்
யாரோ ஒருவரின் காசநோய்
இன்னொருவரின் வீட்டுவரி ரசீது முதுகில் ஏறி
பன்னிஹள்ளி வரை போய்விட்டது.
அதிலிருந்து அந்தத் தாள்களை
டிபன் பாக்ஸுக்குள் மடித்து
வீட்டுக்கு எடுத்துப் போகிறேன்.
இப்போதெல்லாம்
வெந்நீர் அடுப்பு சீக்கிரம் பற்றிக்கொள்கிறது.

பட்டியலில்
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு நான்.
இன்னும் நிரப்பவில்லை.
இந்தக் கணினியை ராத்திரியில்
முதலாளி மகன் திறப்பான்.
அவன் ரொம்ப நல்ல பையன்,
ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்தவளும்
நல்ல பெண்தான்.

கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.
நேற்று ஏழு படிவம், நானூற்று இருபது ரூபாயை
எண்ணிக் கல்லாவில் போட்டுவிட்டு
ஷட்டரைப் பாதி இறக்கி
ஒன்பதில் மட்டும் அடித்துப் பார்த்தேன்.
இடம் போதவில்லை.
ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.
அழிக்க அழிக்க ஏறிக்கொண்டே வந்து
மிச்சம் நூறு என்று
நின்றது திரை.